அத்தியாயம் 7: வழியில் காற்று இறங்கினால்

கடைக்குப் போவதற்கு முன்னால் வண்டியருகே குத்துக்காலிட்டு உட்காருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 'டியூப்லெஸ்' என்றிருக்கிறதா, 'டியூப் டைப்' என்றிருக்கிறதா? அப்படியே சக்கரத்தையும் பாருங்கள். அலாய் சக்கரமா, கம்பி கோத்த ஸ்போக் சக்கரமா? பஞ்சர் சாமான் வாங்குவதில் மற்ற எல்லா முடிவுகளும் இந்த இரண்டு கேள்விகளுக்குப் பின்னால்தான் வரும். நண்பர் வாங்கினார் என்பதற்காக அதையே வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். அவர் சக்கரம் வேறு, உங்கள் சக்கரம் வேறு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டயரில் டியூப்லெஸ் என்று எழுதியிருந்தாலும் உள்ளே டியூப் இருக்கலாம். ஸ்போக் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு போகிறது. அந்தத் துளைகள் வழியே காற்று கசியும் என்பதால் எந்த டயரைப் போட்டாலும் உள்ளே டியூப் போடத்தான் வேண்டும். துளைகள் இல்லாமல் வேறு விதமாகக் கம்பி கோத்த டியூப்லெஸ் ஸ்போக் சக்கரங்களும் வந்துவிட்டன. ஹிமாலயன் 450-இல் அப்படி ஒரு வகை உண்டு. ஆனால் அது விதிவிலக்கு. மறுபக்கம், அலாய் சக்கரம் போட்ட பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் உள்ளே டியூப்தான். சந்தேகம் இருந்தால் உங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரிடம் கேளுங்கள். வால்வைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஏன் இது இவ்வளவு முக்கியம்? டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால், டயரின் ரப்பரே ஆணியைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காற்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். காலையில் ஏறிய ஆணியை மாலையில் வண்டியைக் கழுவும்போது கண்டுபிடித்தவர்கள் உண்டு. டியூப் அப்படியல்ல. அது மெல்லிய பலூன். ஓட்டை விழுந்ததும் காற்று டியூபுக்கும் டயருக்கும் இடையே பரவி, ஸ்போக் துளைகள் வழியாகவும் வால்வைச் சுற்றியும் வெளியேறிவிடும். ஒரு நிமிடத்துக்குள் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும்.

ஆகவே டியூப்லெஸ் வண்டிக்காரர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது: காற்றடிக்கும் சாதனத்தை முதலில் வாங்குங்கள், ஓட்டை அடைக்கும் சாமானைப் பிறகு வாங்குங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சில நூறு ரூபாய்க்கு ஸ்ட்ரிப் கிட் கிடைக்கிறது, அதை வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஓட்டையை அடைத்த பிறகு டயருக்குள் காற்று எங்கிருந்து வரும்?

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் சாலையை நினைத்துப் பாருங்கள். 27 கொண்டை ஊசி வளைவுகள். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகும் பாதை. வண்டியை நிறுத்தி இறங்கி நிற்கக் கூடாது என்று வனத்துறை பலகை வைத்திருக்கிறது. இரவுப் போக்குவரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. அங்கே டயரில் ஆணியைப் பார்த்தால், அதைப் பிடுங்கி, துளையை அரத்தால் ராவி, ஸ்ட்ரிப் செருகிக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பதா? வேண்டாம். ஆணியை அப்படியே விடுங்கள். காற்றை ஏற்றுங்கள், மெதுவாக ஓட்டுங்கள், குறைந்தால் பாதுகாப்பான இடம் பார்த்து மறுபடி ஏற்றுங்கள். ஆணி உள்ளே இருக்கும்வரை அதுவே தக்கை. இப்படி ஊர் வந்து சேர்ந்த ஒருவரிடம் பஞ்சர் கடைக்காரர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்: "ஆணியைப் புடுங்காம வந்தீங்க பாருங்க தம்பி, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது."

எவ்வளவு காற்று வேண்டும்?

பம்பு வாங்கும்போது இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் விளம்பரம் உங்களை ஏமாற்றாது. 350 சிசி வண்டி ஒன்றின் பின் டயருக்குள் ஏறக்குறைய 12 லிட்டர் இடம் இருக்கும். அதை 32 பிஎஸ்ஐ வரை நிரப்ப, வெளிக்காற்றில் சுமார் 26 லிட்டரை உள்ளே தள்ள வேண்டும். சைக்கிள்காரர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சின்னக் கைப்பம்பு ஒரு இழுப்புக்கு 50 மில்லி தள்ளினால், 520 தடவை அடிக்க வேண்டும். வெயிலில் நின்று 520 தடவை. வேண்டவே வேண்டாம்.

வீட்டில் இருக்கும் சைக்கிள் பம்பு உதவுமா என்று கேட்பவர்களுக்கு: நம் ஊர்ச் சாதாரண சைக்கிளின் வால்வு வேறு, வால்டியூப் மாட்டுகிற பழைய ரகம். மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் ஒரே வகை வால்வு. தலைப்பகுதி பொருந்தினால்தான் பயன்படும்.

காலால் மிதிக்கும் பம்பு ஒரு மிதிக்குச் சுமார் 300 மில்லி தள்ளும். கணக்குப்படி 90 மிதி, கசிவையும் களைப்பையும் சேர்த்தால் 120, 150 ஆகும். ஐந்தாறு நிமிட வேலை. பாட்டரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம். மழையில் நனைந்தாலும், ஆறு மாதம் பெட்டியில் கிடந்தாலும் எடுத்தவுடன் வேலை செய்யும். குறை என்றால் அளவுதான்: ஒன்றரை, இரண்டு கிலோ எடை, மடித்தாலும் சீட்டுக்கு அடியில் நுழையாது. பக்கப்பெட்டியோ பையோ மாட்டி ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட நம்பகமான சாமான் கிடையாது என்பது என் கருத்து. வாங்கும்போது சிலிண்டர் தகரமா, கனமான இரும்பா என்று தட்டிப் பாருங்கள். மிதிக்கும் சட்டம் பக்கவாட்டில் ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இருபதாவது மிதியில் அது வளைந்துவிடும்.

அடுத்தது 12 வோல்ட் கம்ப்ரஸர். காருக்கென்று செய்தவை 10 ஆம்பியர், சில 15 ஆம்பியர்கூட இழுக்கும். காரின் பாட்டரிக்கு அது ஒன்றுமில்லை, நம் வண்டிக்குப் பெரிய சுமை. கிளாசிக் 350-இல் 8 ஆம்பியர்-மணி பாட்டரி இருக்கிறது. என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் அடித்தால் தாங்கும். 3, 4 ஆம்பியர்-மணி பாட்டரியுள்ள சிறிய வண்டிகளில் இதைச் செய்யாதீர்கள். காற்று ஏறிய டயரோடு, ஸ்டார்ட் ஆகாத வண்டியோடு நிற்க நேரும். இன்னொன்று: ஹேண்டிலில் மாட்டியிருக்கும் மொபைல் சார்ஜர் சாக்கெட்டில் கம்ப்ரஸரைச் செருகக் கூடாது. அதன் ஃப்யூஸ் சின்னது, உடனே போய்விடும். பாட்டரியிலிருந்தே ஃப்யூஸுடன் தனி ஒயர் இழுத்து, ஒரு பிளக்கை சீட்டோரம் நிரந்தரமாக நீட்டி வைப்பதுதான் சரியான முறை. எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் செய்துகொடுப்பார்.

இந்த ஒயரைப் பற்றி அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை போகும் சாலையில் ஒருநாள் என் பின் டயர் இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் கடல், நிழலுக்கு ஒரு மரமில்லை. பெட்டியில் கம்ப்ரஸர் இருந்தது. அதன் முதலைக் கிளிப்பைப் பாட்டரியில் மாட்ட வேண்டுமென்றால் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும், அந்தத் தகட்டின் ஸ்க்ரூவுக்கு ஏற்ற ஆலன் கீ என்னிடம் இல்லை. ஒரு மணி நேரம் மணலில் நின்றேன். வேன்காரர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டி, தன் கால்பம்பை எடுத்துக் கொடுத்தார். "சாமான் வச்சிருந்தா போதாது சார், எட்டணும்" என்றார். அன்று ராமேஸ்வரம் திரும்பியதும் முதல் வேலையாக ஒயர் இழுத்தேன்.

இப்போது பெரும்பாலானவர்கள் வாங்குவது சார்ஜ் செய்யும் லித்தியம் பாட்டரிப் பம்பு. தண்ணீர் பாட்டிலை விடச் சின்னது, எண்ணை அழுத்திவைத்தால் அந்த அளவு வந்ததும் தானாக நிற்கும், இரவில் விளக்காகவும் எரியும். நல்ல சாமான்தான். ஆனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட '150 பிஎஸ்ஐ' என்ற எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் டயருக்கு வேண்டியது 25-லிருந்து 40-க்குள். 150 அடிக்கும் திறனால் நமக்கு ஒரு பயனும் இல்லை. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது, நிறுத்தாமல் எத்தனை நிமிடம் ஓடலாம் என்பவைதான் பார்க்க வேண்டியவை. நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று எழுதியிருந்தால், அழுத்தம் ஏற ஏற அது குறையும். முழுக்க இறங்கிய டயருக்கு ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். குழாயும் அதன் பித்தளை முனையும் கை வைக்க முடியாதபடி சுடும். 'ஐந்து நிமிடம் ஓட்டி, பத்து நிமிடம் ஆறவிடவும்' என்று கையேட்டில் போட்டிருந்தால் மதித்து நடங்கள், மோட்டார் வேகாமல் இருக்கும். முழு சார்ஜில் பூஜ்யத்திலிருந்து உங்கள் பின் டயரை இரண்டு தடவை நிரப்ப முடிகிறதா என்பதே என் அளவுகோல். ஒருமுறை மட்டும் நிரப்பி ஓய்ந்துவிடுகிற பம்பு, அடைத்த ஓட்டை மறுபடி கசிந்தால் கைவிட்டுவிடும்.

இதற்கு எதிரி நம் ஊர் வெயில். சித்திரை மாதம் நிறுத்திவைத்த வண்டியின் கறுப்புப் பெட்டிக்குள் லித்தியம் பாட்டரி கிடந்தால் அதன் ஆயுள் குறைந்துகொண்டே போகும். பயணம் இல்லாத நாட்களில் வீட்டுக்குள் வையுங்கள், மாதம் ஒருமுறை சார்ஜ் பாருங்கள்.

கார்பன் டை ஆக்சைடு குப்பிகளைப் பலர் விரும்புகிறார்கள். கட்டைவிரல் கனத்தில் எஃகுக் குப்பி, திருகினால் சில விநாடிகளில் காற்று ஏறிவிடும். 16 கிராம் குப்பி ஒன்று, முன்பு சொன்ன 12 லிட்டர் டயரில் ஏறக்குறைய 10, 11 பிஎஸ்ஐதான் ஏற்றும். மூன்று குப்பி போட்டால்தான் ஓட்டும் அளவு வரும். அடைப்பு கசிந்தால் போட்ட மூன்றும் வீண். திறக்கும்போது உறைந்து பனி படியும், வெறுங்கையால் பிடித்தால் தோல் கன்றிவிடும். வெயிலில் சூடேறும் இடத்தில் வைக்கவும் கூடாது. இந்த வாயு ரப்பர் வழியே சீக்கிரம் கசிவதால், ஊர் வந்ததும் வெளியேற்றிவிட்டு சாதாரணக் காற்று நிரப்ப வேண்டும். இடமே இல்லாத ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.

எந்தப் பம்பானாலும் வாங்குவதற்கு முன் அதன் முனையை உங்கள் வால்வில் மாட்டிப் பாருங்கள். டிஸ்க் பிரேக்கும் ஸ்ப்ராக்கெட்டும் வால்வை நெருக்கிக்கொண்டு நிற்கும். நேராக வரும் நீளமான முனை அங்கே நுழையாது. 90 பாகை வளைந்த சின்னப் பித்தளை இணைப்பு ஒன்று சில ரூபாய்க்குக் கிடைக்கும், கட்டாயம் வாங்கி வையுங்கள். பம்பிலேயே உள்ள மீட்டரை முழுக்க நம்ப வேண்டாம். இரண்டு மூன்று பிஎஸ்ஐ தப்பாகக் காட்டுவது சகஜம். தனியாக ஒரு நல்ல காற்று மீட்டர் வைத்துக்கொண்டு, காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறினால் மீட்டர் ஒன்றரை பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். ஓடிச் சூடான டயரில் 'காற்று அதிகம்' என்று இறக்கிவிடாதீர்கள்.

ஓட்டை அடைக்கும் சாமான்

டியூப்லெஸ்ஸுக்கு ஸ்ட்ரிப் கிட். அதில் இரண்டு கருவிகள்: துளையைச் சுத்தம் செய்யும் முறுக்கு அரம் ஒன்று, ஸ்ட்ரிப்பைக் கோத்துச் செருகும் பிளந்த ஊசி ஒன்று. முதலில் கைப்பிடியைப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் போல நேரான பிடி இருந்தால் வாங்காதீர்கள். உள்ளங்கையால் அழுத்தி உடம்பு எடையைப் போட வேண்டிய வேலை இது. குறுக்குப் பிடிதான் வேண்டும். அதுவும் பிளாஸ்டிக்காக இல்லாமல் உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் பிடி தயங்கித் தயங்கி அழுத்தும்போதே கழன்று, ஊசி டயரில் நின்றுவிடும்.

ஸ்ட்ரிப்பின் தடிமனில் கவனம் தேவை. கார் கிட்டில் வரும் தடித்த ஸ்ட்ரிப்பை நம் வண்டிக்குத் திணிக்க முயன்றால், துளையைத் தேவைக்கு மேல் பெரிதாக்க வேண்டிவரும். நம் 100 முதல் 350 சிசி வண்டிகளில் பெரும்பாலும் நைலான் டயர்கள்தான். எஃகு இழை கிடையாது. அரம் சுலபமாக இறங்கும், அதனாலேயே அளவுக்கு மீறி ராவிவிடும் ஆபத்தும் உண்டு. மெல்லிய ஸ்ட்ரிப், நாலைந்து இழுப்பு அரம், அவ்வளவே. ரேடியல் டயர் போட்ட பெரிய வண்டிகளில் உள்ளே எஃகு இழைகள் இருக்கும். அங்கே நன்றாக ராவினால்தான் அறுந்த இழையின் முனை ஸ்ட்ரிப்பை வெட்டாது. காளான் வடிவ ரப்பர் தக்கையை உள்ளே தள்ளும் துப்பாக்கி வகைக் கிட்டும் கிடைக்கிறது. வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் எஃகு இழையுள்ள டயரில் அந்தத் தக்கை தேய்ந்து அறுபடுவது தெரிந்த விஷயம். ஒட்டும் ஸ்ட்ரிப்பையே நான் தேர்வேன்.

ஸ்ட்ரிப்பை விரலால் தொட்டால் பிசுபிசுவென ஒட்ட வேண்டும். காய்ந்து கயிறு மாதிரி ஆகிவிட்டால் குப்பையில் போடுங்கள். சொல்யூஷன் டியூபும் அப்படியே; ஒருமுறை திறந்தால் அடுத்த தடவை கல்லாகியிருக்கும். திறக்காத சின்ன டியூப் இரண்டு வையுங்கள். கூடவே ஒரு குறடு. ஆணியைப் பிடுங்க விரல் போதாது என்பது அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வரும். ஆணியைப் பிடுங்கும்போது அது எந்தச் சாய்வில் வருகிறது என்று பாருங்கள், ஊசியும் அதே சாய்வில் போக வேண்டும்.

சாலையில் உருளும் பட்டைப் பகுதியில், 6 மி.மீ. வரையிலான ஓட்டைக்குத்தான் இது. பக்கவாட்டில் கிழிந்தால் எந்த ஸ்ட்ரிப்பும் போடாதீர்கள், டெம்போ கூப்பிடுங்கள். அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து விரிகிறது, தக்கை நிற்காது. ஸ்ட்ரிப் போட்ட பிறகு வேகத்தைக் குறைத்து ஓட்டி, ஊரில் டயரைக் கழற்றி உள்பக்கத்திலிருந்து ஒட்டுப் போட்டுவிடுங்கள். இரண்டே சக்கரத்தில் ஓடும் வண்டி இது.

டயருக்குள் ஊற்றும் திரவச் சீலண்ட் டியூப்லெஸ்ஸில் சின்ன ஆணிகளுக்கு உதவும். ஆனால் வால்வை அடைத்துக்கொள்ளும், கழற்றும்போது கடைக்காரர் கையெல்லாம் பிசினாகும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டியூப் வண்டிக்காரர்களுக்கு

உங்களுக்கான சாமான் பட்டியல் நீளம், வேலையும் கடினம். சக்கரத்தைக் கழற்ற உங்கள் ஆக்ஸில் நட்டுக்குச் சரியான ஸ்பேனர், டயர் லீவர் மூன்று, பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், பம்பு. சென்டர் ஸ்டாண்ட் உண்டா? இல்லாவிட்டால் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்த என்ன வழி? இதற்கு விடை இல்லாதவர்கள் வழியில் டியூப் கழற்றும் எண்ணத்தை விட்டுவிடலாம். தனியாகப் போகிறவர்களுக்கு என் யோசனை இது: முழுக் கருவிப்பெட்டியைச் சுமப்பதை விட, உங்கள் அளவுக்கு ஒரு புது டியூபும் ஒரு கால்பம்பும் எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிராமத்திலும் டயரைக் கழற்றத் தெரிந்த கை இருக்கும். 18 அங்குல ஸ்ப்ளெண்டர் டியூபும் இருக்கும். 19, 21 அங்குல முன் சக்கரத்துக்கான டியூப்தான் இருக்காது. அதை நீங்கள் கொண்டுபோனால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார். முன் சக்கரத்து டியூபை அவசரத்துக்கு 18 அங்குலப் பின் சக்கரத்தில் மடித்துப் போட்டு, மெதுவாக ஊர் போய்ச் சேரலாம். ஆகவே ஒரே ஒரு டியூப்தான் எடுக்க முடியும் என்றால் முன் சக்கர அளவை எடுங்கள்.

நீங்களே செய்யத் துணிந்தால் லீவர் 9, 10 அங்குலமாவது நீளமாக, முனை மழுங்கியதாக இருக்கட்டும். கூர்முனைதான் புது டியூபைக் கடித்து இரண்டாவது ஓட்டை போடுகிறது. மறுபடி மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, வால்வருகே முடியுங்கள். பழைய ஆணியோ முள்ளோ டயருக்குள் இன்னும் நிற்கிறதா என்று உள்பக்கம் முழுக்கத் துணியால் துடைத்துப் பார்த்த பிறகே டியூபைப் போடுங்கள். விரலால் தடவிப் பார்த்தால் விரல் கிழியும். பேட்ச் ஒட்டும்போது உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது தொட்டால் ஒட்டாத அளவு காயும்வரை ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஈரத்தோடு ஒட்டிய பேட்ச் அடுத்த ஊரில் கழன்றுவிடும்.

வாங்கிய ஞாயிற்றுக்கிழமையே வீட்டு வாசலில் ஒரு ஒத்திகை பாருங்கள். பின் டயரின் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, உங்களிடம் உள்ள சாமானை மட்டும் வைத்து நிரப்புங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். குழாய் எட்டுகிறதா, முனை பொருந்துகிறதா, சார்ஜ் போதுகிறதா, மீட்டர் இருட்டில் தெரிகிறதா என்று அப்போது தெரிந்துவிடும். பஞ்சர் கடையில் தூக்கிப்போட்ட பழைய டியூப்லெஸ் டயர் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் ஆணி அடித்து, இரண்டு ஸ்ட்ரிப் போட்டுப் பழகுங்கள். முதல் தடவை கை எவ்வளவு பலம் கேட்கிறது என்பது படித்தால் தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே பையில், ஒரு ஜோடிக் கையுறையோடும் சின்னப் பாட்டிலில் சோப்புத் தண்ணீரோடும் வையுங்கள். கசிவு எங்கே என்று காட்ட நுரையை விடச் சிறந்த கருவி இல்லை. பையை மூட்டையின் அடியில் புதைக்காமல், மழையில் பெட்டியைத் திறந்ததும் கைக்கு வரும் இடத்தில் வையுங்கள். வழியில் யாருக்காவது ஒரு ஸ்ட்ரிப் கொடுத்திருந்தால், வீடு வந்த அன்றே அந்த இடத்தை நிரப்பிவிட்டுப் பையின் ஜிப்பை மூடுங்கள்.